முந்திப் பிறந்த பிள்ளைகள்

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் ஜில்லாவில் உல்ஸ்தார்ப் என்று ஒரு சிறு கிராமம் இருக்கிறது. 1642-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று அந்த ஊர்ப் பண்ணை வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை நாள் ஆவதற்கு முன்பே வந்துவிட்டது என்பார்கள். ஒரு கூஜாவுக்குள் வைத்துவிடலாம் போன்ற உருவம். தலை நிற்பதற்காகக் கழுத்தைச் சுற்றித் திண்டு கட்ட வேண்டியிருந்ததாம். குழந்தைக்கு ஏதோ வாங்கி வரும்படி, பக்கத்து ஊர்ச் சீமாட்டி வீட்டுக்கு இரண்டு பெண்களை அனுப்பினார்கள். போகும் வழியில் வேலியைத் தாண்டுவதற்குப் போட்டிருந்த படியில் அந்தப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவசரப்பட்டு என்ன ஆகப் போகிறது, திரும்பிப் போவதற்குள் குழந்தையின் கதை முடிந்திருக்கும் என்பது அவர்கள் எண்ணம்.

குழந்தையின் கதை முடிவதற்கு 84 வருஷம் ஆயிற்று. அதற்குள் அது ஐசக் நியூட்டன் என்ற பெயரோடு உலகத்தின் கதையையே வேறு விதமாக எழுதிவிட்டது. தம் பிறப்பைப் பற்றிய இந்தக் கதையைக் கிழவயதில் நியூட்டனே சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண்களைக் கல்நெஞ்சக்காரிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்ட அனுபவம் அப்படி. அவ்வளவு சின்ன உயிர் தங்கி அவர்கள் பார்த்ததில்லை. ஆகவே ஆரூடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் அப்படி உட்கார்ந்தவள் என் பாட்டி. அத்தையின் தலைப்பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பாட்டி குழந்தையைத் துணியில் சுற்றினாள். "ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான். டவுனுக்கு வண்டி கட்ட எழுந்த தாத்தா மறுபடியும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் குழந்தை போய்விட்டது. அன்று காலையில் அத்தை கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்திருந்தாள். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அவள் உயிரோடு இருந்தாள்; நாற்பது வருஷமும், "அந்தக் குடத்தை நான் தூக்கியிருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிள்ளை ஏன் முந்தி வருகிறது, வரப்போகிறது என்று முன்னதாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு அந்தக் குடம்தான் காரணம்.

பாட்டி சொன்னது பாட்டியின் சொந்தச் சரக்கு அல்ல. கிரேக்க நாட்டில் ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் வைத்திய நூல்களில், எட்டு மாதக் குழந்தையைப் பற்றியே தனியாக ஒரு நூல் இருக்கிறது. எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்பதுதான் அதன் முடிவு. நம் நாட்டுச் சரகரும் எட்டாம் மாதத்தைக் கண்டு பயந்தவர்தாம். அந்த மாதத்தில் ஓஜஸ் என்னும் உயிர்ச்சத்து தாயிடமிருந்து சேய்க்கும் சேயிடமிருந்து தாய்க்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆகையால் அப்போது பிறப்பது ஆபத்து என்பது அவர் கொள்கை. இப்படி இரண்டு பெரிய நாகரிகங்கள் சொன்னதைத்தான் எங்கள் வீட்டுத் திண்ணையும் சொல்லிற்று. ஆனால் விஷயம் நேர் எதிர். ஏழாம் மாதக் குழந்தையைவிட எட்டாம் மாதக் குழந்தைக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளும் லாபக் கணக்குத்தான்.

அந்தக் கணக்கையும் வைத்தியர்கள் சரியாக எண்ணியதாகச் சொல்ல முடியாது. கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம், என்ற கணக்கு ரொம்பப் பழையது. ஆனாலும் குறை மாதக் குழந்தை எது என்று தீர்மானிப்பதற்கு, இருபதாம் நூற்றாண்டின் பாதி வரையில், நாளை எண்ணாமல் தராசைத்தான் நம்பினார்கள். 2,500 கிராமும் அதற்குக் குறைவும் என்றால் குறை மாதம் என்று 1948-ல் உலகச் சுகாதார ஸ்தாபனமே சொல்லிற்று. நாள் நிறைந்து பிறந்த ஏழைத் தாயின் மெலிந்த குழந்தையும், நாள் குறைந்து பிறந்த குழந்தையும் ஒரே பட்டியலில் கிடந்தன. 1961-ல்தான் எடை குறைந்தது வேறு, நாள் குறைந்தது வேறு என்று பிரித்தார்கள். 37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைப் பிரசவம் என்பது இன்றைய கணக்கு.

சரி, பிறந்த பிறகு என்ன செய்தார்கள்? பாரிஸ் நகரத்தில் தார்னியே என்று ஒரு பிரசவ வைத்தியர் இருந்தார். மிருகக் காட்சிசாலையில் கோழிக் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்தவருக்கு ஒரு யோசனை பிறந்தது. கோழிக் குஞ்சுக்கு ஆகும் வெப்பம் மனிதக் குஞ்சுக்கு ஆகாதா? 1880-ஐ ஒட்டித் தம் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு பெட்டியை வைத்தார். இன்றைய இன்குபேட்டருக்கு மூதாதை அதுதான். பெட்டி பல உயிர்களைக் காத்தது. ஆனால் அது விருந்தாளி வந்த பிறகு போட்ட பந்தல். வருவது முன்பே தெரிந்தால் அல்லவா சமையலுக்கு ஏற்பாடு செய்ய முடியும்?

இதில் செல்வமும் செல்வாக்கும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1963-ம் வருஷம் உலகம் பார்த்தது. ஆகஸ்டு 7-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முந்திவிட்டான். எடை ஏறத்தாழ 2,100 கிராம். அது ஒன்றும் மோசமான எடை அல்ல. ஆனால் மூச்சு விட முடியவில்லை. பாஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய், அந்தக் காலத்தில் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தார்கள். 39 மணி நேரத்தில் குழந்தை இறந்தது. அணுகுண்டுப் பொத்தானைக் கையில் வைத்திருந்த மனிதரால் ஓர் உள்ளங்கை அகல நுரையீரலை விரியச் செய்ய முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த நோயின் மர்மம் அதே பாஸ்டனில் நான்கு வருஷங்களுக்கு முன்பே விடுபட்டிருந்தது. நுரையீரலின் சிற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குச் சோப்பு நுரை போன்ற ஒரு பூச்சு வேண்டும். முந்திப் பிறக்கும் குழந்தைக்கு அந்தப் பூச்சு இன்னும் ஊறியிருக்காது. மேரி எல்லன் ஏவரி என்ற பெண் டாக்டரும் அவருடைய சகா ஜியர் மீடும் இதை 1959-ல் கண்டு எழுதினார்கள். காரணம் தெரிந்தது, மருந்துதான் தெரியவில்லை.

மருந்து பிறந்த இடம் நியூஜீலந்து. அதைக் கண்டவர் மருந்தைத் தேடியவர் அல்ல என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் ருசி.

ஆக்லாந்து நகரத்துப் பெண்கள் ஆஸ்பத்திரியில் லிக்கின்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் கேட்டுக்கொண்ட கேள்வி நம் கேள்விதான். பிரசவ நேரம் வந்துவிட்டது என்று மணி அடிப்பது யார்? தாயா, சேயா? நியூஜீலந்தில் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். ஆகவே ஆட்டைக் கேட்டார். சினை ஆட்டின் வயிற்றிலிருக்கும் குட்டியின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை அழித்துப் பார்த்தார். நாள் கடந்தும் ஆடு ஈனவில்லை. குட்டியின் உடம்பில் கார்ட்டிஸால் என்ற சுரப்பு நீரைச் செலுத்திப் பார்த்தார். ஆடு முன்னதாகவே ஈன்றுவிட்டது. ஆக, மணி அடிப்பது குட்டிதான்!

அப்படி முந்தி ஈன்ற குட்டி ஒன்று அவருக்கு ஓர் ஆச்சரியத்தை வைத்திருந்தது. அந்தப் பிராயத்துக் குட்டி செத்துத்தான் கிடக்க வேண்டும். அதுவோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அறுத்துப் பார்த்தபோது, விரியவே கூடாத நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. பிரசவத்தைத் தூண்டுவதற்காகச் செலுத்திய மருந்து, போகிற போக்கில் நுரையீரலையும் பழுக்க வைத்துவிட்டது. 1969-ல் இதை அவர் வெளியிட்டார். பிறகு ஹோவி என்ற குழந்தை வைத்தியருடன் சேர்ந்து, குறைப் பிரசவ அபாயத்திலிருந்த 282 தாய்மார்களிடம் சோதனை செய்தார். முடிவு 1972-ல் வந்தது. எதிர்பாராமல் முந்தி வந்த பிரசவங்களில், பீட்டாமெத்தஸோன் ஊசி போடாத தாய்மாருடைய குழந்தைகளில் நூற்றுக்கு 15 பிறந்த சில நாட்களுக்குள் இறந்தன. ஊசி போட்டவர்களுடையதில் மூன்று சொச்சம்.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும், எல்லா டாக்டர்களும் அதை ஏற்றுக்கொள்ள இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1994-ல்தான் அமெரிக்கச் சுகாதார நிலையம் கூட்டம் போட்டு, இந்த ஊசியைப் போடுங்கள் என்று சிபாரிசு செய்தது. படியில் உட்காருவது கிராமத்துப் பெண்களுக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஊசி உடனே வேலை செய்வதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் அவகாசம் வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் போனால் பலன் குறைந்துகொண்டே போகும். ஆகையால் பிரசவம் எப்போது வரும் என்ற பழைய கேள்வி 1972-க்குப் பிறகு புதிய கேள்வியாகிவிட்டது. அதற்கு முன் பதில் தெரிந்திருந்தால் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம்; அவ்வளவுதான். இப்போது பதில் தெரிந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம். ஆரூடத்துக்கு முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்தது.

முதலில் கேள்வித்தாள்களை வைத்துக்கொண்டு ஆரூடம் பார்த்தார்கள். பிரான்ஸ் தேசத்தில் பாப்பியெர்னிக் என்பவர் 1969-லும், அமெரிக்காவில் கிரீஸி என்பவர் லிக்கின்ஸையும் சேர்த்துக்கொண்டு 1980-லும் மதிப்பெண் பட்டியல்கள் தயாரித்தார்கள். தாயின் வயது, உயரம், குடும்ப நிலை, செய்யும் வேலை, முன்பு பிள்ளை முந்திப் பிறந்ததுண்டா என்றெல்லாம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மார்க். இவற்றில் உறுதியாக நின்றது கடைசிக் கேள்விதான். முன்பு முந்தியிருந்தால் மறுபடியும் முந்தக்கூடும். தலைப்பிள்ளைக்காரிக்கு அது எப்படி உதவும்? என் அத்தையிடம் அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் நல்ல மார்க் வாங்கியிருப்பாள்.

பிறகு உடம்பையே கேட்டார்கள். 1991-ல் சார்லஸ் லாக்வுட்டும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குழந்தை இருக்கும் பனிக்குடத்துக்கும் கர்ப்பப்பையின் சுவருக்கும் நடுவில் ஒரு பசை இருக்கிறது. சுவரில் காகிதத்தை ஒட்டிவைத்தது போல அது இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதற்கு ஃபைப்ரோநெக்டின் என்று பெயர். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அது கர்ப்பப்பை வாயருகே கசியும். 22 வாரத்துக்கு மேல் 35 வாரம் வரையில் பொதுவாகக் கண்ணில் படாது. அந்த இடைக்காலத்தில் பசை கசிகிறது என்றால் ஒட்டு விடுகிறது என்று அர்த்தம். பஞ்சுக் குச்சியால் ஒரு துளி எடுத்துச் சோதித்தால் போதும். ஒரு மில்லி லிட்டருக்கு 50 நானோகிராம் என்பது எல்லைக்கோடு. ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம்! 1995-ல் அமெரிக்க சர்க்கார் இந்தச் சோதனைக்கு அனுமதி கொடுத்தது.

மறு வருஷம் அயம்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் இன்னொரு குறி சொன்னார்கள். 2,915 கர்ப்பிணிகளுக்கு 24-வது வாரத்தில் ஸ்கேன் கருவியால் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளந்தார்கள். சராசரி 35 மில்லி மீட்டர். அது குறையக் குறைய அபாயம் ஏறிக்கொண்டே போயிற்று. நாள் ஆவதற்கு முன்பே கதவு மெலிந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குறிகளை நம்பலாமா? இதற்கு வந்த பதில் ஒருவரும் எதிர்பாராதது. வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வரும் ஏழாம் மாதக் கர்ப்பிணியிடம் பசை தென்பட்டால், அவளுக்கு அந்த வாரமே பிரசவம் ஆகும் என்று சொல்வதற்கில்லை, பெரும்பாலோருக்கு ஆவதில்லை. ஆனால் பசை தென்படவில்லை என்றால், அடுத்த ஏழு நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்குப் பிரசவம் ஆவதில்லை. "ஆம்" என்று சொல்லும்போது தடுமாறுகிற அந்தச் சோதனை, "இல்லை" என்று சொல்லும்போது உறுதியாகச் சொல்லுகிறது. இதைச் சிலர் தோல்வி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நடுங்கியபடி வந்த பெண்ணிடம், "இந்த வாரம் இல்லை அம்மா, வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று சொல்ல முடிவது சின்ன விஷயமா? தேவையில்லாத ஊசியும் தேவையில்லாத அச்சமும் இல்லாமல் அவள் வீடு திரும்புகிறாள்.

ஆனால் வலியே இல்லாத தலைப்பிள்ளைக்காரிகளை முன்கூட்டியே பொறுக்கி எடுக்க இந்தக் குறிகள் உதவவில்லை. 2017-ல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில் 9,410 தலைப்பிள்ளைக்காரிகளைக் கவனித்தார்கள். தானாகவே பிள்ளை முந்திப் பிறந்தவர்களில், 16 முதல் 22 வாரத்துக்குள் அளந்தபோது கர்ப்பப்பை வாய் குறுகியிருந்தது நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான். மற்ற தொண்ணூற்றிரண்டு பேரும் அந்த அளவீட்டில் முன்னறிவிப்புத் தராதவர்கள். 2018-ல் தாயின் இரத்தத்தில் மிதக்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளைப் படித்துக் குறி சொல்ல முடியும் என்று ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அது சிறு கூட்டத்தில் செய்த சோதனை.

ஏன் இவ்வளவு கஷ்டம்? ஆட்டுக்குட்டி போல மனிதக் குட்டி ஒரே மணியை அடிப்பதில்லை. ஒருத்திக்குக் கிருமி காரணம். ஒருத்திக்கு உதிரப் போக்கு. ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை. ஒருத்திக்கு இரத்தக் கொதிப்பு ஏறி, டாக்டரே முந்திப் பிள்ளையை எடுக்க வேண்டியிருக்கிறது. குறைப் பிரசவம் ஒரு வியாதி அல்ல. பல வழிகள் வந்து சேரும் ஒரு வாசல். வாசலில் நிற்கிறவளைப் பார்த்து, எந்த வழியாக வந்தாள் என்று ஒரே குறியால் சொல்லிவிட முடியாது. மருந்தும் அப்படித்தான். முன்பு முந்திப் பெற்றவர்களுக்கென்று 2011-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்த ஹார்மோன் ஊசி ஒன்றைப் பலன் இல்லை என்று 2023-ல் அதே சர்க்கார் திரும்பப் பெற்றுக்கொண்டது. கர்ப்பப்பை வாய் குறுகியவர்களுக்கு வேறு விதமாகக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்து, முந்துவதைக் குறைப்பதாக 2007-ல் தெரிந்து, இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள்தாம். ஆளறிந்து கொடுப்பதில்தான் வித்தியாசம்.

தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. லிக்கின்ஸின் ஊசி வகையைச் சேர்ந்த மருந்தை, நாள் கணக்குச் சரியாகத் தெரியாத ஏழை ஊர்களில், உத்தேசமாகப் பார்த்துக் கொடுக்கும் திட்டம் ஒன்றை ஆறு நாடுகளில் நடத்தினார்கள். இந்தியாவும் அதில் ஒன்று. 2015-ல் முடிவு வந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் குறை மாதத்தில் பெறவே இல்லை. குழந்தைகளின் மரணம் குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடிவிட்டது! பிறகு இந்தியா உள்பட ஐந்து நாடுகளில், ஸ்கேன் பார்த்து நாளைக் கணக்கிட்டு, குழந்தையைக் கவனிக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் அதே வகை ஊசியை 2,852 தாய்மாருக்குச் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. ஊசி போடாதவர்களுடைய குழந்தைகளில் நூற்றுக்கு 23 சொச்சம் இறந்த இடத்தில், போட்டவர்களுடையதில் 20-க்கும் குறைவு.

2020-ல் உலகத்தில் ஒரு கோடியே 34 லட்சம் குழந்தைகள் முந்திப் பிறந்தன. அவற்றில் முப்பது லட்சம் நம் நாட்டுக் குழந்தைகள். ஆகையால் இந்தத் தேடல் நம் ஊருக்கும் வந்திருக்கிறது. டில்லிக்குப் பக்கத்தில் குருகிராம் சர்க்கார் ஆஸ்பத்திரியில், 2015 முதல் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளை ஆரம்பத்திலிருந்தே கவனித்து வந்திருக்கிறார்கள். 'கர்ப்பிணி' என்றே அந்தத் திட்டத்துக்குப் பெயர். அந்த விவரங்களைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, வயிற்றிலுள்ள இந்தியக் குழந்தையின் வயதை ஸ்கேன் மூலம் கணிக்க ஒரு புதிய கணக்கை 2024-ல் வெளியிட்டார்கள். அதுவரையில் வெளிநாட்டுக் குழந்தைகளை அளந்து போட்ட கணக்கைத்தான் நம் குழந்தைகளுக்கும் பயன்படுத்தினார்கள். முந்தி வருகிறதா என்று சொல்வதற்கு முன்னால் இன்று எத்தனையாவது நாள் என்று தெரிய வேண்டும் அல்லவா? பாட்டி விரல் விட்டு எண்ணியதைத்தான் இப்போது இயந்திரத்தை வைத்து எண்ணுகிறார்கள்.

பாட்டி எண்ணியது தப்பில்லை. எண்ணிவிட்டு, தாத்தாவை உட்காரச் சொன்னதுதான் தப்பு.

அத்தையின் குடம் இருக்கிறதே, அதைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. முந்திப் பெறுவார்கள் என்று பயந்து, பெண்களை வாரக்கணக்கில் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். படுத்துக் கிடந்ததால் பிரசவம் தள்ளிப் போனதாகத் தெரியவில்லை. இப்போது வைத்திய வழிகாட்டிகள் அப்படிப் படுக்க வைப்பதைச் சிபாரிசு செய்வதில்லை. ஒரு நாள் காலையில் தூக்கிய ஒரு குடம் தண்ணீருக்கும், அன்று பிறந்த குழந்தைக்கும் முடிச்சுப் போட எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

இதை அத்தையிடம் சொல்ல முடியவில்லை. அவள் போய் வெகு நாள் ஆகிவிட்டது. இதைப் படிக்கும் வீடுகளில், அவளைப் போல் ஒரு குடத்தையோ, ஒரு மாடிப்படியையோ, ஒரு பஸ் பிரயாணத்தையோ மனசில் வைத்துக்கொண்டு குமைகிற தாய் யாராவது இருந்தால், அவளிடம் யாராவது இதைச் சொல்லுங்கள்.